வெந்நீரில் போட்ட பல்செட்

அன்புள்ள வாண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்கட்சி நடத்துகிறது. நீ நலம்தானே, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்தச் சின்ன அறையில் ஜன்னலையாவது திறந்து வைக்கிறாயா. முப்பத்தொரு வயதுப் பெண்ணை இன்னமும் வாண்டு என்கிறாளே என்று முறைக்காதே, உனக்கு அறுபது ஆனாலும் எனக்கு அப்படித்தான். மாடி வீட்டுக் குழாய் ஒழுகி நம் சமையலறைக் கூரையில் ஒரு கறை வந்திருக்கிறது, அப்பா தினமும் காபி டம்ளரோடு அதை அண்ணாந்து பார்த்துவிட்டு "நேத்தைக்கு இன்னைக்கு ஒரு விரல் வளந்திருக்கு" என்று அறிக்கை விடுகிறார், மாடிக்குப் போய்ச் சொல்லுங்களேன் என்றால் மட்டும் முழங்கால் வலி வந்துவிடுகிறது. அண்ணன் புது வீட்டுக்குச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டான், போகிற அவசரத்தில் நம் வீட்டு ஏணியையும் சேர்த்து ஏற்றிவிட்டான். இதையெல்லாம் போனில் சொன்னால் போதாதா, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ "சரி விடும்மா" என்பாய், நானும் அப்பாடா என்று விட்டுவிடுவேன். இந்த விஷயத்தை அப்படி விடக்கூடாது. இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன், இது மூன்றாவது. கூரியர்காரர் நான்கு நாளில் சேர்ந்துவிடும் என்றார், அப்படியானால் பதினைந்தாம் தேதிக்கு முன்பே உன் கையில் இருக்கும்.

பதினைந்தாம் தேதி அந்தச் செருப்புக் கம்பெனியில் கையெழுத்துப் போடப் போவதாக ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். செருப்புப் படங்களில் பின்னால் தெரிகிற தரை, சுவர் எல்லாவற்றையும் அழித்து வெள்ளையாக்கித் தர வேண்டும், ஒரு நாளைக்கு இருநூறு படம், மூன்று வருடம் முடிகிறவரை வெளியே வேறு வேலை எதுவும் எடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு "ஒரே வேலைதாம்மா, நீ சொன்ன மாதிரியே" என்றாய். நீ குத்திக்காட்டுகிற குரலில் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அம்மாவுக்கு நல்ல சேதி சொல்கிற குரலில் சொன்னாய். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. போன முறை நீ வந்திருந்தபோது நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. சாப்பாட்டு மேஜை முழுவதும் உன் சாமான்கள், ஒரு பக்கம் ரொட்டிக்கடைக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்தாய், இன்னொரு பக்கம் நீச்சல் சொல்லிக்கொடுக்கிற அம்மாளுக்கு எந்தப் பிள்ளை எந்த நாள் வருகிறது என்று தானாகவே காட்டுகிற அட்டவணை, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரோ ஒரு வக்கீலின் பேச்சுப் பதிவில் இருமலை எல்லாம் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாய். தட்டு வைக்க இடமில்லை. எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ, "பத்து வேலை அரைகுறையாத் தெரியறதுக்கு ஒரு வேலை உருப்படியாத் தெரிஞ்சா போதும்டி, நாலு பேர் கேட்டா நான் என்னன்னு சொல்றது" என்று கொட்டிவிட்டேன். நீ மேஜையை ஒதுக்கித் தட்டு வைத்தாய்.

அதோடு போயிருந்தால் தாய் திட்டுகிற திட்டு என்று நீயும் மறந்திருப்பாய். நான் அதற்கு மேலும் ஒன்று செய்திருக்கிறேன், உனக்குத் தெரியாது, அப்பாவுக்கும் போன வாரம்தான் சொன்னேன். நீ ஊருக்குத் திரும்பிப் போன அடுத்த மாதம் எங்கள் பல் டாக்டர் மாடியிலிருந்து நான் பல்செட் செய்கிற லேபுக்கு இறங்கி வந்தார். அவர் இறங்கி வருவதே அதிசயம். இருபத்தெட்டு வருடமாக நடக்கிற முறை உனக்குத் தெரியும், மேலே அவர் நோயாளியின் வாயில் அச்சு எடுப்பார், அது ஒரு நம்பர் போட்ட டப்பாவில் கீழே வரும், நான் அந்த அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, மெழுகில் பல்லை அடுக்கி, செட்டைச் செய்து அதே டப்பாவில் மேலே அனுப்புவேன். டாக்டர் அன்றைக்கு என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னார், செட் வாங்கிப் போகிற வயதானவர்களுக்கு அதை எப்படிக் கழுவுவது, எப்படி வைப்பது என்று தெரியவில்லையாம், படம் போட்டு ஒரு சின்னப் புத்தகம் வேண்டுமாம், அதே புத்தகம் போனிலும் தெரிய வேண்டுமாம், கண் மங்கியவர்களுக்குக் குரலில் கேட்க வேண்டுமாம். சொல்லிவிட்டு "உங்க பொண்ணு இதெல்லாம் பண்ணுவாங்கன்னு உங்க வீட்டுக்காரர் ஒரு தடவை சொன்னாரே, கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

நான் உன்னைக் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே நின்றபடி நானே பதில் சொன்னேன். "அவ எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் தெரிஞ்சவ டாக்டர், இது நோயாளிங்க விஷயம், படத்துக்கு ஒருத்தர், எழுத்துக்கு ஒருத்தர், கம்ப்யூட்டருக்கு ஒருத்தர்னு முறையா ஆளப் போடுங்க" என்றேன். உன் நல்லதுக்குச் சொன்னேன் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன், எழுத உட்கார்ந்தால் அந்தப் பொய் வர மாட்டேன் என்கிறது. எனக்குப் பயம், அவ்வளவுதான். நீ ஏதாவது சொதப்பினால் நான் தினமும் படியேறி இறங்குகிற இடத்தில் என் முகம் கெட்டுப்போகும் என்ற பயம். உனக்குக் கையில் வேலையே இல்லாத நான்கு மாதம் என்று பிறகு சொன்னாயே, அந்த மாதங்களில் முதல் மாதம் அது. ஒவ்வொரு ஞாயிறும் "ஏதாச்சும் வந்துச்சா" என்று உன்னைக் கேட்டேன், வந்ததைத் திருப்பி அனுப்பியவள் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

டாக்டர் நான் சொன்னபடியே மூன்று பேரைப் பிடித்தார். குறை சொல்லக் கூடாது, மூவருமே கெட்டிக்காரர்கள். படம் வரைந்த அம்மாள் ஒரு பாட்டி வாயைத் திறந்திருப்பதுபோல வரைந்திருந்தார், அந்த ஈறின் நிறத்தைப் பார்த்து நானே அசந்துபோனேன். எழுதிக் கொடுத்தவர் பத்திரிகையில் இருந்தவர், சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தார். கம்ப்யூட்டர்காரர் பக்கங்களை அடுக்கி, அச்சடித்து, கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து இறக்கினார். குரல் பதிவு மட்டும் யார் செய்வது என்று ஒருவருக்கும் தெரியாமல் நின்றுபோனது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மேஜை மேலும் ஒரு புத்தகம் வைத்துவிட்டுப் போனார்கள். வழவழவென்று இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி, பார்த்தாயா, அந்தந்த வேலைக்கு அந்தந்த ஆள் வேண்டும், நான் சொன்னது சரிதான் என்று. அதன் மேல் மெழுகு டப்பாவை வைத்துக்கொண்டேன், மேஜையில் கறை படாமல் இருக்கும் என்று.

போன மாதம் ஒருநாள் காலையில் லேபின் பின்கதவைத் தட்டிக்கொண்டு ஒரு தையல்காரர் வந்தார். எழுபது வயதிருக்கும், கழுத்தில் அளவெடுக்கிற நாடா அப்படியே தொங்குகிறது, வாயை ஒரு கையால் மூடியிருக்கிறார். மேலே கூட்டம் அதிகம் என்று கீழே அனுப்பியிருந்தார்கள். கைக்குட்டையைப் பிரித்து என் முன்னால் வைத்தார். நான் செய்த செட், வாண்டு. நம்பரைப் பார்க்க வேண்டியதே இல்லை, என் கைவேலை எனக்குத் தெரியாதா. மேல்செட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, கீழ்செட் வளைந்து, வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் சீப்பு மாதிரி கோணிப்போயிருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன், கோபமாகத்தான் கேட்டேன். அவர் வாயை மூடின கையை எடுக்காமலே "நீங்க குடுத்த புத்தகத்துல இருக்கறதத்தாம்மா செஞ்சேன்" என்றார். கொதிக்கிற தண்ணீரில் போட்டிருக்கிறார். சூடு பட்டால் அந்தப் பொருள் கோணிவிடும், அது எனக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம். மெழுகு டப்பாவை எடுத்து வைத்துவிட்டு அந்தப் புத்தகத்தை அன்றைக்குத்தான் திறந்தேன். நான்காம் படத்தில் ஒரு பாத்திரம், அதிலிருந்து ஆவி பறக்கிறது, ஒரு கை செட்டை அதற்குள் விடுகிறது. அழகான படம். செய்யக் கூடாது என்று காட்டுகிற எதுவும் அதில் இல்லை.

வேலையை முடித்துவிட்டு நான் மூன்று பேரையும் தேடிப் போனேன், டாக்டர் அனுப்பவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. படம் வரைந்த அம்மாள் பழைய தாளை எடுத்துக் காட்டினார், நான்காம் படத்தின் மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி போட்டுத்தான் கொடுத்திருக்கிறார். கம்ப்யூட்டர்காரரைக் கேட்டால், படத்தின் மேல் சிவப்பில் அடித்திருந்ததைப் பார்த்ததும் இது வேண்டாம் என்று ஒதுக்கிய படம் என்று நினைத்தாராம், நல்ல படத்தை அனுப்புங்கள் என்று கேட்டாராம், அந்த அம்மாளும் குறி இல்லாத படத்தைத்தான் ஏதோ காரணத்துக்காகக் கேட்கிறார் என்று அனுப்பிவிட்டாராம். எழுதியவர் "வெந்நீர் கூடவே கூடாது" என்று எழுதித்தான் கொடுத்திருக்கிறார், படத்துக்குக் கீழே அந்த வரிக்கு இடம் போதவில்லை என்று அது கடைசிப் பக்கத்துக்குப் போய், விளம்பரம் மாதிரிப் பொடி எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. "என் பங்க நான் சரியாத்தாம்மா செஞ்சேன்" என்று மூன்று பேரும் சொன்னார்கள், மூன்று பேர் சொன்னதும் உண்மை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வீட்டுக்கு நடந்து வந்தேன். வருகிற வழியில்தான் எனக்கு உறைத்தது. வெந்நீரில் போட்டால் என்ன ஆகும் என்று அந்த நான்கு பேரில் கைப்பழக்கமாகத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் மேஜையில் அந்தப் புத்தகம் ஒரு மாதமாகக் கிடந்தது. பல் செய்வதுதான் என் வேலை, புத்தகம் பார்ப்பது என் வேலை இல்லை என்று நானும்தானே இருந்தேன்.

அப்போதுதான் உன் ரொட்டிக்கடை லேபிள் ஞாபகம் வந்தது. போனில் அந்தக் கடைக்காரரை நீ கேட்ட கேள்விகளைச் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன், லேபிளை ஒட்டுவது யார், அவர் கை ஈரமாக இருக்குமா, ரொட்டி சூடாக இருக்கும்போதே ஒட்டுவாரா, வாங்குகிறவர்கள் பையில் போட்டால் எழுத்து எந்தப் பக்கம் தெரியும். ஒரு சீட்டு வரைய இத்தனை விசாரணையா, தெரியாத வேலையை எடுத்துக்கொண்டு முழிக்கிறாள் என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை, "அவ கேக்கறது எனக்கு நியாயமாத்தான் படுது" என்றார், நான் அதையும் காதில் வாங்கவில்லை. உன் இணையப் பக்கத்தில் "என்ன வேண்டும் என்று சரியாகத் தெரியாவிட்டாலும் கூப்பிடுங்கள்" என்று எழுதி வைத்திருக்கிறாயே, யாராவது இப்படிக்கூடக் கடை திறப்பார்களா என்று நான் தலையில் அடித்துக்கொண்ட வரி அது. எங்கள் டாக்டருக்கு அப்படி ஒருத்திதான் தேவைப்பட்டிருக்கிறாள். படம், எழுத்து, கம்ப்யூட்டர் மூன்றும் தெரிந்ததால் மூன்றுக்கும் நடுவில் என்ன விழுந்தது என்று பார்க்கத் தெரிந்தவள். நீ ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம்தான் தெரிந்தவள் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தப் பெருக்கல் குறியை நீ விட்டிருக்க மாட்டாய். செட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பாத்திரத்தில் தண்ணீரையும் வைத்துக்கொண்டு, புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து செய்து பார்த்திருப்பாய். எனக்கு அது நன்றாகத் தெரிகிறது, ஏனென்றால் எட்டு வயதில் நீ சர்பத் பாட்டிலில் "மூடியைத் திறந்து, நன்றாகக் குலுக்கி" என்று போட்டிருந்ததை அப்படியே செய்து பார்த்து என் தரையைக் கெடுத்தவள்.

தையல்காரருக்கு வேறு செட் செய்தோம். இந்த முறை நான் டாக்டரிடம் போய், பொருத்தும்போது நானும் மேலே வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி என்றார். மெழுகில் பல் அடுக்குவதற்கு முன்னால் அந்தத் தையல்காரரை உட்கார வைத்து, பழைய செட்டில் என்ன கஷ்டம் இருந்தது என்று கேட்டேன். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர் கூச்சத்தோடு சொன்னது என்ன தெரியுமா, நூலைக் கடிக்க முடியவில்லையாம். ஐம்பது வருடமாகப் பல்லால் நூலை அறுத்துப் பழகியவர், என் செட்டில் முன்பல் இரண்டும் மேலும் கீழும் சேராமல் இடைவெளி விட்டிருந்ததால் நூல் வழுக்கிக்கொண்டு போகிறதாம், யாரிடம் போய் இதைச் சொல்வது என்று சும்மா இருந்துவிட்டாராம். "கத்திரிக்கோல் எதுக்குய்யா இருக்கு" என்று டாக்டர் சத்தம் போட்டார். நான் ஒரு மயிரிழை அளவுக்கு முன்பல்லை நெருக்கி வைத்தேன், டாக்டரும் பார்த்துவிட்டு முனகிக்கொண்டே விட்டுவிட்டார். செட்டைப் பொருத்தியதும் அந்த மனிதர் வேறு எதையும் செய்யவில்லை, சட்டைப்பையில் கைவிட்டு ஒரு துண்டு நூலை எடுத்தார், வாயில் வைத்து டக்கென்று கடித்தார், அறுந்த நுனியைப் பார்த்துச் சிரித்தார். நான் செய்த பல் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எத்தனை ஆயிரம் செட் செய்து அந்தப் படிக்கட்டில் மேலே அனுப்பியிருப்பேன், அது போய்ச் சேர்ந்த ஒரு வாயைக்கூட நான் எட்டிப் பார்த்ததில்லை. ஒரே வேலையை உருப்படியாகச் செய்தவள் என்று உன்னிடம் பெருமை அடித்துக்கொண்டேனே, அந்தப் பெருமை அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியது. முழுவதும் இறங்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். என் கைவேலை நல்ல கைவேலைதான்.

இதனால் எல்லாம் உன் வேலையைப் பற்றி எனக்கு இருந்த பயம் ஓடிப்போய்விட்டது என்று நினைக்காதே. அடுத்த மாதம் யார் கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் எப்படித் தூங்குகிறாய், காய்ச்சலில் படுத்தால் உன் வேலையை யார் பார்ப்பது, இதெல்லாம் எனக்கு இன்னமும் புரியவில்லை, புரியவே போவதும் இல்லை. செருப்புக் கம்பெனியையும் நான் மட்டமாகச் சொல்லவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்கிற நிம்மதியில்தான் நான் உங்கள் இரண்டு பேரையும் வளர்த்தேன். உனக்கும் ஓடிக் களைத்துப்போய் கொஞ்ச நாள் ஒரே இடத்தில் உட்கார வேண்டும் என்று தோன்றினால் உட்கார், அதில் ஒரு குறையும் இல்லை. கையெழுத்துப் போடுவதானால் உனக்கு வேண்டும் என்று போடு, அம்மா சொன்னாள் என்று மட்டும் போடாதே. உன்னை அரைகுறை என்று சொன்னது தப்பு. டாக்டரிடம் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. என்னை மன்னித்துவிடு கண்ணு. பெற்ற பிள்ளையிடம் இந்த வார்த்தையை எழுத ஒரு கடிதம் முழுவதும் சுற்றி வர வேண்டியிருக்கிறது பார்.

நேற்று டாக்டரிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டேன், அவர் கேட்டபோது உன்னிடம் கேட்கவே இல்லை, நானாகவே உன்னைக் குறைத்துச் சொன்னேன் என்று. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "சரி, அப்ப அவங்க என்னதான் பண்ணுவாங்க, சொல்லுங்க" என்றார். "உங்ககிட்ட உக்காந்து பேசின பிறகுதான் டாக்டர் அது அவளுக்கே தெரியும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "பழைய புத்தகத்த எல்லாம் திரும்ப வாங்கச் சொல்லிட்டேன், புதுசாச் செய்யணும், அவங்க நம்பரக் குடுங்க, இப்பவே பேசறேன்" என்று போனைக் கையில் எடுத்தார். நான் கொடுக்கவில்லை. உன்னைக் கேட்காமல் ஒரு தடவை உனக்கு வந்த வேலையை வேண்டாம் என்றவள், உன்னைக் கேட்காமல் இன்னொரு தடவை சரி என்று சொல்லக் கூடாது. அவருடைய நம்பரை வாங்கி இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம், நீ எதைச் செய்தாலும் ஏன் என்று நானும் கேட்க மாட்டேன், அப்பாவையும் கேட்க விட மாட்டேன்.

எங்கிருந்தாலும் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும், எடுத்த காரியம் கைகூட வேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். வலது பக்கக் கடைவாயில் கூச்சம் என்று சொல்லி ஆறு மாதமாகிறது, அங்கே ஒரு டாக்டரிடம் காட்டு, நாள் கடத்தாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா